இலையை நம்பாதீர்கள்: மரத்தில் வளரும் பெரணியை இனங்கண்டு விவரிப்பது எப்படி

மரக்கிளையில் ஒரு பெரணியைப் பார்த்ததும் கண் நேராக இலைக்குத்தான் போகும். எவ்வளவு நீளம், எங்கே பிளவு, பளபளப்பா மங்கலா என்று பார்த்துவிட்டு உடனே பெயர் தேட ஆரம்பித்துவிடுவோம். புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். வெப்பமண்டலத் தொற்றுப் பெரணிகளில் இலையைப் போல ஏமாற்றுவது வேறொன்றும் இல்லை. ஒரே சிற்றினத்தில் இளஞ்செடியின் இலை பிளவே இல்லாமல் இருக்கும், முதிர்ந்த செடியின் இலை ஆழமாகப் பிளந்திருக்கும். நிழலில் ஒரு முழத்துக்கு நீளும் இலை, வெயில் அறையும் உச்சிக்கிளையில் விரல் நீளத்தோடு நின்றுவிடும். அதிகம் மாறாமல் இருப்பவை இரண்டு: தண்டை மூடியிருக்கும் செதில், இலையின் அடிப்புறத்தில் இருக்கும் வித்தகத் தொகுப்பு (வித்தகம் என்பது ஸ்போர் எனும் தூள் போன்ற நுண்வித்துகள் இருக்கும் சிறு பை). இந்த இரண்டுக்கும் கண் பழகிவிட்டால் மீதியெல்லாம் பொறுமைதான்.

2016இல் பெரணி ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டின்படி உலகில் பெரணிச் சிற்றினங்கள் சுமார் 10,500. அவற்றில் கால் பங்குக்கும் மேல் மரத்தில் தொற்றி வாழ்பவை. எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டாம். ஒரு காட்டில் உங்கள் கண்ணில் படப்போவது சில டஜன்தான். அவையும் பெரும்பாலும் ஏழெட்டுக் குடும்பங்களுக்குள் அடங்கிவிடும்.

முதலில், அது பெரணிதானா?

கேட்க அசட்டுத்தனமாக இருக்கும், ஆனால் இதையே கேட்டுத் தொடங்குங்கள். பூக்காத ஆர்க்கிட், தொங்கும் லைக்கோஃபைட் (பெரணியைப் போலவே ஸ்போர் தரும் வேறொரு தாவரக் கூட்டம்), ஏறுகொடி என்று பலவும் தூரத்தில் பெரணியாகவே தெரியும். புதிய இலை சுருள் அவிழ்ந்து வருகிறதா என்று பாருங்கள். பெரணியின் இளம் இலை நுனியிலிருந்து உள்நோக்கிச் சுருண்டிருக்கும். சுருள் இருந்தால் ஏறக்குறைய உறுதி. சுருள் இல்லாவிட்டால் பெரணி இல்லை என்று சொல்லிவிட முடியாது. நாடா மாதிரி தொங்கும் ஓஃபியோகுளோசம் பெண்டுலம் சுருளாது. இலையே இல்லாமல் பச்சைக் குச்சிகளாகக் கிளைக்கும் சைலோட்டமும் பெரணிக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். மாறாக, கிளையிலிருந்து குஞ்சம் குஞ்சமாகத் தொங்கும் ஃப்ளெக்மாரியூரஸ் பெரணியே அல்ல, லைக்கோஃபைட். அதில் வித்தகங்கள் இலையடியில் தொகுப்பாக இருக்காது. இலைக்கோணத்தில் ஒவ்வொன்றாக உட்கார்ந்திருக்கும்.

அடுத்து, வேர் எங்கே என்று பாருங்கள். தண்டைக் கையால் தொட்டுக்கொண்டே கீழே வாருங்கள். மண்ணுக்குள் இறங்கினால் அது ஏறுகொடி. ஸ்டெனோக்லீனா தரையில் தொடங்கி மரத்தில் ஏறும். லைகோடியத்தில் தண்டு தரையில் கிடக்க, இலையின் நடுக்காம்பே கொடியாகச் சுற்றிக்கொண்டு மேலே போகும். மண்ணோடு தொடர்பே இல்லாமல் பட்டையையும் பாசியையும் பிடித்துக்கொண்டிருப்பதுதான் தொற்றுத்தாவரம். அதே செடி பாறையிலும் பழைய சுவரிலும் முளைத்திருந்தால் குழம்ப வேண்டாம். ட்ரைனேரியா, பைரோசியா போன்றவைக்கு மண் இல்லாத இடம் எதுவானாலும் சரி.

கையில் இருக்க வேண்டியவை

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மில்லிமீட்டர் அளவுகோல், கூர்மையான சிறு கத்தி, காகித உறைகள், பென்சில், தொலைநோக்கி. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பொருளை லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும். லென்ஸைப் பொருளின் மேல் நீட்டிப் பிடித்துக் குனிந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. காட்டில் குறிப்பெழுதப் பேனா வேண்டாம், ஈரத்தில் மை கரையும்.

தொடுவதற்கு முன்

செடியைப் பறித்தபின் திரும்பக் கிடைக்காத தகவல் சில உண்டு. எந்த மரம், பட்டை வழுவழுப்பா சொரசொரப்பா, தரையிலிருந்து எவ்வளவு உயரம், நிழலா வெயிலா, பாசியின் மேலா வெறும் பட்டையிலா. இவற்றை அங்கேயே எழுதிவிடுங்கள். மரத்தில் எந்த இடம் என்பதைக் குறிக்கத் தாவரவியலாளர் யோஹான்சன் 1974இல் மேற்கு ஆப்பிரிக்க மழைக்காட்டு ஆய்வில் பயன்படுத்திய ஐந்து பகுதிப் பிரிப்பு இன்றும் வசதியானது: அடிமரம், நடுமரம், பெருங்கிளைகளின் உட்பகுதி, நடுப்பகுதி, வெளிக்கொம்புகள். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. இலையின் தடிமன் ஒரு செல் மட்டுமே உள்ள ஹைமனோஃபில்லம் போன்ற சவ்வுப் பெரணிகள் ஈரம் விலகாத அடிமரத்தில்தான் பெரும்பாலும் தங்கும். தடித்த சதைப்பற்றான இலையும் அடர்ந்த மயிரும் உள்ள பைரோசியா வெயில் காயும் கிளையிலும் தாங்கும். வெளிக்கொம்பில் சவ்வுப் பெரணியைப் பார்த்தேன் என்று யாராவது எழுதியிருந்தால், அடையாளத்தை மறுபடி சரிபார்க்கச் சொல்லத் தோன்றும்.

படம் எடுப்பதில் ஒரு சிக்கனம் வேண்டாம். முழுச் செடி, தண்டு, இலைக்காம்பு தண்டில் சேரும் இடம், இலையின் மேற்புறம், அடிப்புறம், வித்தகத் தொகுப்பு மிக அருகில், இளம் இலை. ஒவ்வொன்றிலும் அளவுகோல் தெரிய வேண்டும். அடையாளம் கேட்டு அனுப்பப்படும் படங்களில் பெரும்பாலானவை இலையின் மேற்புறத்தை மட்டும் அழகாகக் காட்டுபவை. அவற்றை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

மரம் ஏற வேண்டாம். காற்றடித்த மறுநாள் கீழே விழுந்து கிடக்கும் கிளைகளே போதும், உச்சிக்கிளைச் செடிகள் எல்லாம் அதில் வந்துவிடும். எந்தக் காட்டிலும் மாதிரி எடுக்க எழுத்து மூலம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அனுமதி இருந்தாலும் முழுப் புதரையும் பிடுங்கக் கூடாது. இரண்டு மூன்று இலைகளோடு ஒரு துண்டுத் தண்டு போதும்.

தண்டும் செதிலும்

பெரணியின் தண்டு பெரும்பாலும் பட்டையோடு ஒட்டிப் படர்ந்து கிடக்கும். அதை ரைசோம் என்பார்கள். இங்கே கிடைத்தண்டு என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி, இலைகள் தண்டில் எப்படி அமைந்திருக்கின்றன? அஸ்பிளீனியம் நைடஸில் தண்டு குட்டையாக நிமிர்ந்து நிற்க, இலைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வட்டமாகக் கிளம்பும். டவாலியாவிலும் ட்ரைனேரியாவிலும் தண்டு நீளமாக ஊர்ந்து போகும். இலைகள் இடைவெளி விட்டு முளைக்கும். அந்த இடைவெளியை அளந்து எழுதுங்கள். இரண்டு நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்கும் எல்லை சில நேரம் அதுவாகவே இருக்கும்.

இரண்டாவது கேள்வி, பழைய இலை எப்படி உதிர்கிறது? பாலிபோடியேசி, டவாலியேசி குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் இலைக்காம்பின் அடியில் ஒரு கணு இருக்கும். இலை அந்தக் கணுவில் சுத்தமாகக் கழன்றுவிடும், தண்டில் வட்டமான தழும்பு நிற்கும். அஸ்பிளீனியத்தில் கணு கிடையாது; காய்ந்த காம்பு தண்டோடு ஒட்டி நின்றபடியே மட்கும். நெஃப்ரோலெபிஸில் நடக்கும் கதை வேறு: இலை தண்டில் ஒட்டியே இருக்க, சிறகிலைகள் (இலையின் இரு பக்கமும் உள்ள சிறு பிரிவுகள்) மட்டும் நடுக்காம்பிலிருந்து ஒவ்வொன்றாக உதிரும். வெறுங்கண்ணுக்கே தெரியும் இந்த ஒரு குணத்தால் இந்தக் குடும்பங்களை மூன்று கூட்டமாகப் பிரித்துவிடலாம்.

இப்போது செதில். கத்தி முனையால் வளர்நுனிக்குச் சற்றுப் பின்னாலிருந்து நான்கைந்து செதில்களைச் சுரண்டி வெள்ளைத் தாளில் போடுங்கள். நுனியிலேயே எடுத்தால் முழுதாக வளர்ந்திருக்காது, மிகப் பின்னால் எடுத்தால் தேய்ந்துபோயிருக்கும். லென்ஸில் பார்க்க வேண்டியவை: எந்த இடத்தில் ஒட்டியிருந்தது, அடி ஓரத்திலா, நடுவிலா? நடுவில் ஒட்டியிருந்தால் செதிலின் உள்ளே ஒரு கரும்புள்ளி தெரியும். நுனி மழுங்கலா, நீண்ட வாலா? விளிம்பு மென்மையா, பல் உள்ளதா? ஒரே நிறமா, நடுவில் கறுத்து ஓரத்தில் வெளுத்ததா?

அப்புறம் செதிலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். சில பேரினங்களில் செல்களின் பக்கச்சுவர் கறுத்துத் தடித்து, நடுப்பகுதி கண்ணாடியாக ஒளி விடும். கம்பி போட்ட சன்னலைப் பார்ப்பது போலவே இருக்கும். அஸ்பிளீனியத்துக்கும், ஹாப்லாப்டெரிஸ், ஆன்ட்ரோஃபையம் முதலிய விட்டேரியா கூட்டத்துக்கும் இது கையொப்பம். லெபிசோரஸிலும் மைக்ரோசோரத்திலும்கூட இதைக் காணலாம், ஆகவே இதை மட்டும் வைத்துக் குடும்பம் சொல்லிவிடாதீர்கள். ட்ரைனேரியாவின் செதில் அப்படி ஒளி விடாது. செதிலே இல்லாமல் மெல்லிய மயிர் மட்டும் இருந்தால், இலையும் சவ்வாக இருந்தால், ஹைமனோஃபில்லேசி குடும்பத்துக்கு நேராகப் போய்விடலாம்.

செதிலுக்கு இவ்வளவு இடம் ஏன் என்று கேட்டால், முடவாட்டுக்கால் என்று நாம் அழைக்கும் ட்ரைனேரியா குவெர்சிஃபோலியாவையும் அதன் உறவான ட்ரைனேரியா ஸ்பார்சிசோராவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். வித்தகத் தொகுப்பு இல்லாத காலத்தில் இலையை எவ்வளவு நேரம் வெறித்தாலும் பயனில்லை. செதிலைச் சுரண்டினால் விடை கிடைத்துவிடும். குவெர்சிஃபோலியாவின் செதில் குறுகி நீண்டு, நுனி வாலாக இழுத்து, விரிந்து நிற்கும். தண்டு சடை பிடித்த மாதிரி தெரியும். ஸ்பார்சிசோராவின் செதில் சில மில்லிமீட்டர்தான், அகலமாக, தண்டோடு படிந்திருக்கும்.

இலையில் பார்க்க வேண்டியதும் வேண்டாததும்

இலையை நம்பாதே என்றால் இலையைப் பார்க்கவே வேண்டாம் என்று பொருள் இல்லை. எதைப் பார்க்கிறோம் என்பதுதான் விஷயம். நீள அகலத்தைவிட மூன்று குணங்கள் உறுதியானவை.

ஒன்று, இலைகள் எல்லாம் ஒரே மாதிரியா, இரண்டு வகையா? ட்ரைனேரியாவில் காம்பில்லாத பழுப்புக் கூடை இலைகள் சருகையும் தூசியையும் சேர்த்துப் பிடிக்கும். நீண்ட பச்சை இலைகள் உணவு தயாரித்து வித்தும் தரும். பிளாட்டிசீரியத்தில் கேடய இலை மரத்தோடு ஒட்டியிருக்க, கிளைத்த இலை வெளியே நீளும். பைரோசியா பைலோசெல்லாய்டிஸில் மலட்டு இலை வட்டமாகத் தடித்திருக்கும், வித்து தரும் இலை குறுகி நீண்டிருக்கும். இதைக் கவனிக்காமல் ஒரே செடியின் இரண்டு இலைகளை இரண்டு சிற்றினங்களாகப் பதிவு செய்வது அடிக்கடி நடக்கிறது.

இரண்டு, நரம்பு. இலையை வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். நரம்புகள் பிரிந்து பிரிந்து ஒன்றையொன்று தொடாமல் விளிம்புக்குப் போகின்றனவா, வலையாகப் பின்னுகின்றனவா? வலை என்றால், ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் எதிலும் சேராமல் நின்றுவிடும் குட்டி நரம்பு உண்டா? பாலிபோடியேசியில் பெரும்பாலும் உண்டு. ஆன்ட்ரோஃபையத்தில் வலை உண்டு, குட்டி நரம்பு இல்லை. அஸ்பிளீனியம் நைடஸில் நரம்புகள் இணையாக ஓடி, விளிம்பை ஒட்டி ஒரே நரம்பில் சேரும். தடித்த இலையில் நரம்பு தெரியாவிட்டால் ஒரு துண்டைச் சலவைக்காரத்தில் ஊறவைத்து வெளுக்க வைக்க வேண்டியிருக்கும். அதை வீட்டில் செய்வதாக இருந்தால் கையுறை அவசியம்.

மூன்று, மயிர். பைரோசியா, பிளாட்டிசீரியம் இரண்டிலும் இலையடியை மூடியிருப்பது நட்சத்திர வடிவ மயிர்: ஒரு காம்பு, உச்சியில் சுற்றிலும் கதிர்கள். 10 மடங்கு லென்ஸிலேயே கதிர்கள் தெரியும். கதிர் ஊசியாக நேரே நிற்கிறதா, சுருண்ட பஞ்சாகப் படிகிறதா, இரண்டும் அடுக்கடுக்காக உள்ளனவா என்பது பைரோசியா சிற்றினங்களைப் பிரிக்க உதவும்.

ஒரு எச்சரிக்கை. வறண்ட காலத்தில் சில தொற்றுப் பெரணிகள் இலையைச் சுருட்டிக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும், மழை பட்டால் மறுபடி விரியும். சுருண்ட இலையை அளந்து எழுதாதீர்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு விரிந்தபின் அளவெடுங்கள்.

வித்தகத் தொகுப்பு

இலையடியில் பழுப்புப் புள்ளிகளாக, கோடுகளாக, திட்டுகளாகத் தெரிவதுதான் வித்தகத் தொகுப்பு. சோரஸ் என்பார்கள். புதியவர்கள் சிலர் இதைப் பூச்சி முட்டை, நோய் என்று நினைத்துத் துடைத்துவிடுவதும் உண்டு. இடம், வடிவம், மூடி இருக்கிறதா இல்லையா: மூன்றும் சேர்ந்தால் பேரினம் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும்.

நரம்போடு சாய்ந்த நீள்கோடுகளாக, ஒரு பக்கம் திறக்கும் மெல்லிய மூடியோடு இருந்தால் அஸ்பிளீனியம். விளிம்பருகே கிண்ணமாகவோ குழாயாகவோ ஒரு மூடிக்குள் அடங்கியிருந்தால் டவாலியா. சிறுநீரக வடிவ மூடியும் கணுவில் உதிரும் சிறகிலையும் சேர்ந்தால் நெஃப்ரோலெபிஸ். நாடா இலையின் இரு ஓரத்திலும் பள்ளத்துக்குள் ஒரே கோடாக ஓடினால் ஹாப்லாப்டெரிஸ். இலையடி முழுவதையும் வித்தகங்கள் அப்பியிருந்தால், இலையும் பிளவில்லாமல் நரம்பும் வலையில்லாமல் இருந்தால், எலாஃபோகுளோசத்தை நினையுங்கள். சவ்வுப் பெரணியில் இரண்டு உதடுகளுக்கு நடுவே வித்தகம் இருந்தால் ஹைமனோஃபில்லம் பக்கம், குழாய்க்குள் இருந்து மயிரிழை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ட்ரைக்கோமேனஸ் கூட்டம்.

பாலிபோடியேசியில் மூடி கிடையாது, இதைப் பதிய வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே ஒரு வலை இருக்கிறது. லெபிசோரஸின் இளம் சோரஸைக் குடை வடிவச் செதில்கள் மூடியிருக்கும், மூடி என்றே தோன்றும். ஊசியால் நெம்பினால் தனித்தனிச் செதில்களாகப் பிரிந்து வரும். உண்மையான மூடி ஒரே சவ்வாக வரும். முதிர்ந்தபின் இந்தச் செதில்கள் கொட்டிவிடுவதால் இளம் சோரஸையும் முதிர்ந்ததையும் இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

மூடி இல்லாதவற்றில் சோரஸின் வரிசைதான் பேசும். லெபிசோரஸில் நடுநரம்புக்கு இரு பக்கமும் பெரிய வட்டங்கள் ஒவ்வொரு வரிசை. மைக்ரோசோரம் பங்டேட்டத்தில் நுண்ணிய புள்ளிகள் கணக்கில்லாமல் இறைந்து கிடக்கும். மேலே சொன்ன இரட்டைப் பிள்ளைகளில், குவெர்சிஃபோலியாவில் அடுத்தடுத்த இரண்டு பக்கநரம்புகளுக்கு நடுவே சோரஸ்கள் ஒழுங்காக இரண்டு வரிசையில் நிற்கும். ஸ்பார்சிசோராவில் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். செதில் சொன்னதையே சோரஸும் சொன்னால் நிம்மதி. இரண்டும் வேறு வேறு சொன்னால், இரண்டு செடிகளின் துண்டுகள் உறையில் கலந்துவிட்டனவா என்று முதலில் பாருங்கள்.

ஸ்போர்

நுண்ணோக்கி கிடைக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். கிடைத்தால் விடாதீர்கள், பெரணியில் இதைவிட வேடிக்கையான காட்சி இல்லை. பழுப்பேறிய சோரஸைக் கண்ணாடித் துண்டின் மேல் தட்டி, தண்ணீர் விடாமல், விளக்கு வெளிச்சத்தில் வையுங்கள். ஒவ்வொரு வித்தகத்தின் முதுகிலும் தடித்த செல்களாலான வளையம் இருக்கும். வெப்பத்தில் அந்தச் செல்களின் நீர் குறையக் குறைய வளையம் மெல்லப் பின்னால் வளையும், வித்தகம் வாய் பிளக்கும். ஓர் அளவுக்கு மேல் உள்ளே இழுபட்ட நீர் அறுந்து குமிழி விழும், வளையம் சட்டென்று முன்னுக்கு அடிக்கும். ஸ்போர்கள் பார்வைப் பரப்பை விட்டே பறந்துவிடும்.

பறக்காமல் பிடிக்க, முதிர்ந்த இலைத்துண்டை அடிப்புறம் கீழே இருக்கும்படி மடித்த தாளுக்குள் ஓரிரு நாள் வைத்தால் தூள் கொட்டியிருக்கும். பாலிபோடியேசி, டவாலியேசி என்றால் பெரும்பாலும் மஞ்சள் நிறம், ஒற்றைத் தழும்புள்ள அவரை விதை வடிவம். அஸ்பிளீனியத்தில் பழுப்பு நிறம், மேலே மடிப்பு மடிப்பான உறை. பச்சையாக, உருண்டையாக, மூன்று கதிர்த் தழும்போடு இருந்தால் சவ்வுப் பெரணியோ கிராமிட்டிஸ் கூட்டமோ ஆகும். பச்சை ஸ்போர் சீக்கிரம் உயிர் இழக்கும், அதனால் அன்றைக்கே படம் எடுங்கள். ஒரு வித்தகத்தில் வழக்கமாக 64 ஸ்போர்கள். அவை நசுங்கி, ஒரு அளவில் இல்லாமல், பாதி வெறுமையாக இருந்தால் கலப்பினமாக இருக்கலாம். அப்படிப்பட்ட செடியைத் திறவுகோலில் (குணம் குணமாகக் கேட்டுப் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியல்) ஓட்டினால் எந்தப் பெயரிலும் சரியாக உட்காராது.

மாதிரியைக் காயவைத்தல்

சிலிக்கா ஜெல் பையில் ஓர் இளம் இலைத்துண்டை முதலில் போட்டுவிடுங்கள், பின்னால் மரபணு ஆய்வுக்கு அதுதான் உதவும். மீதியை அழுத்திக் காயவைக்கும்போது சில இலைகள் மேற்புறமும் சில அடிப்புறமும் தெரியும்படி பரப்புங்கள். மாதிரியை ஒட்டும் தாள் சுமார் 29 × 42 செ.மீ.; பெரிய இலையை மடித்து வைக்கலாம், அடியும் நடுவும் நுனியும் இருக்க வேண்டும். தடித்த தண்டை நீளவாக்கில் பிளந்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் ஈரம் போகாது, பூஞ்சை வரும். செதிலைத் தேய்த்துக் கழுவாதீர்கள். உதிர்ந்ததெல்லாம் ஓர் உறையில் போகட்டும். உடனே காயவைக்க வழியில்லாத இடத்தில் செய்தித்தாளில் மடித்துப் பிளாஸ்டிக் பையிலிட்டு ஆல்கஹால் ஊற்றிக் கட்டுவது பழைய வழக்கம். மாதிரி கெடாது, மரபணு கெட்டுவிடும்.

பெயருக்குப் போதல்

செயலியில் படத்தைப் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. பேரினம் வரைக்கும் பல நேரம் சரியாகவே சொல்லும். சிற்றினம் சொன்னால் மட்டும் அதை ஒரு யோசனையாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதிக்கான தாவர நூலில் உள்ள இருகிளைத் திறவுகோலை ஒவ்வொரு படியாக ஓட்டி, ஒரு பெயர் வந்ததும் அந்தச் சிற்றினத்தின் முழு விவரிப்பையும் வாசியுங்கள். இரண்டு குணம் ஒத்து மூன்றாவது ஒத்துவரவில்லை என்றால் பின்னால் போக வேண்டும். அதன்பின் ஹெர்பேரியங்கள் (காய்ந்த தாவர மாதிரிகளின் காப்பகங்கள்) இணையத்தில் வைத்திருக்கும் டைப் மாதிரிகளின், அதாவது பெயருக்கு ஆதாரமாகக் குறிக்கப்பட்ட மூல மாதிரிகளின், படங்களோடு ஒப்பிடுங்கள்.

பெயர்கள் மாறிக்கொண்டிருக்கும், அதற்குச் சலித்துக்கொள்ள வேண்டாம். நமது முடவாட்டுக்காலை லின்னேயஸ் 1753இல் பாலிபோடியம் என்ற பேரினத்தில் வைத்தார். தாவரவியலாளர் ஜான் ஸ்மித் 1841இல் ட்ரைனேரியாவுக்கு மாற்றினார். இப்போது அக்லாவோமார்ஃபா என்ற பேரினத்தோடு இணைத்துச் சிலர் அந்தப் பெயரில் எழுதுகிறார்கள். செடி அதேதான், குறிப்பில் எந்த நூலின் பெயரைப் பின்பற்றினீர்கள் என்று எழுதிவிட்டால் போதும்.

சில இடங்களில் வெளித்தோற்றம் கைவிட்டுவிடும். அஸ்பிளீனியம் நைடஸ் என்று உலகெங்கும் அழைக்கப்படுவது ஒரே சிற்றினம் அல்ல, ஒரு கூட்டம். மரபணுவில் தெளிவாகப் பிரியும் செடிகள் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன. அந்தக் கூட்டத்தில் நடுநரம்பை வெட்டி குறுக்குவெட்டைப் பார்ப்பது கொஞ்சம் கை கொடுக்கும்: ஆஸ்திரலேசிகம் என்ற சிற்றினத்தில் அடிப்புறம் கூரான முகடு இருக்கும். அதற்கு மேல் முடியாவிட்டால் "நைடஸ் கூட்டம்" என்று எழுதி நிறுத்துவதே நேர்மை.

விவரிப்பு எழுதுதல்

விவரிப்பை யார் வாசிப்பார்? கையில் வேறொரு செடியை வைத்துக்கொண்டு, இது அதுவா என்று திண்டாடும் ஒருவர். அவருக்கு உதவாத சொல் எதுவும் வேண்டாம். "அழகிய", "பெரிய", "அடர்த்தியான பசுமை" எல்லாம் போகட்டும். வரிசை எப்போதும் ஒன்றே: வாழிடம், கிடைத்தண்டு, செதில், காம்பு, இலைப்பரப்பு, நரம்பு, மயிர், சோரஸ், ஸ்போர். வினைச்சொல் தேவையில்லை. அளவுகள் ஒரு இலையிலிருந்து அல்ல, வெவ்வேறு செடிகளின் பல இலைகளிலிருந்து வர வேண்டும். வழக்கமான எல்லையை எழுதி, அரிதாகக் கண்டதை அடைப்புக்குறிக்குள் தாருங்கள்: (8–)12–20(–26) செ.மீ. என்றால், பெரும்பாலும் 12 முதல் 20, மிகச் சிறியது 8, மிகப் பெரியது 26. நிறத்தைப் பச்சையாக இருக்கும்போதே எழுதுங்கள், காய்ந்தபின் எல்லாம் பழுப்பு.

நடை இப்படி இருக்கும்:

"மரத்திலும் பாறையிலும் தொற்றி வளர்வது. கிடைத்தண்டு ஊர்வது, தடித்தது, சதைப்பற்றானது, செதில்கள் அடர்ந்து மூடியது. செதில் குறுகியது, நுனி நீண்டு வாலானது, விளிம்பு பல் உள்ளது. இலை இருவகை. கூடை இலை காம்பற்றது, 40 செ.மீ. வரை, ஆழமில்லாத மடல்கள் உடையது, விரைவில் பழுப்பாகி நிலைத்து நிற்பது. பச்சை இலை காம்புடையது, காம்பு குறுகிய சிறகுடையது. பரப்பு 1 மீ. வரை, நடுநரம்பை நெருங்கும் அளவு பிளந்தது. நரம்பு வலை தெளிவானது, கண்களில் குட்டி நரம்பு உண்டு. சோரஸ் வட்டம், அடுத்தடுத்த பக்கநரம்புகளுக்கு இடையே இரண்டு வரிசை, மூடி இல்லை."

இதற்குக் கீழே வேறுபாட்டுக் குறிப்பு ஒன்று வேண்டும், இரண்டே வரி: "ட்ரைனேரியா ஸ்பார்சிசோராவை ஒத்தது, நீண்ட வால்நுனிச் செதிலாலும், ஒழுங்கான இரு வரிசைச் சோரஸாலும் வேறுபடுவது." முழு விவரிப்பைவிட இந்த இரண்டு வரியை எழுதுவதுதான் கடினம். இதை எழுத முடியவில்லை என்றால் செடியை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

எதிலும் பொருந்தாவிட்டால்

புதுச் சிற்றினம் என்று துள்ளுவதற்கு முன் நான்கு சந்தேகங்களைத் தீர்க்க வேண்டும். இளஞ்செடியா? வறட்சியிலோ கடும் நிழலிலோ மாறிப்போன வடிவமா? கலப்பினமா? பக்கத்து நாட்டில் எப்போதோ பெயர் வைக்கப்பட்டு இங்கே யாரும் கவனிக்காததா? கடைசியது மிக அதிகம். பழைய ஒத்தபெயர்கள் (ஒரே சிற்றினத்துக்கு வைக்கப்பட்ட வேறு பெயர்கள்) ஒவ்வொன்றின் டைப்பையும் பார்த்தாக வேண்டும், அந்தப் பேரினத்தில் ஏற்கெனவே வேலை செய்பவர் ஒருவரையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

நான்கும் தீர்ந்தால், மீதி விதிமுறை. தாவரப் பெயரிடலுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு 2024 மாட்ரிட் மாநாட்டில் திருத்தப்பட்டு 2025இல் வெளியானது. 1935 முதல் 2011 வரை புதுச் சிற்றினத்தை இலத்தீனில் விவரித்தாக வேண்டும் என்றிருந்தது. 2012 ஜனவரி 1 முதல் இலத்தீனோ ஆங்கிலமோ போதும். தமிழில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் விதிப்படி அது மட்டும் செல்லாது, ஆகவே வேறுபாட்டுக் குறிப்பையாவது அந்த இரண்டு மொழிகளில் ஒன்றில் தர வேண்டும். அதே நாள் முதல், ஐஎஸ்எஸ்என் அல்லது ஐஎஸ்பிஎன் எண்ணுள்ள இணைய வெளியீட்டில் பிடிஎஃப்ஃபாக வந்தாலும் பெயர் செல்லும். டைப் மாதிரி ஒன்றைக் குறிப்பிடுவது 1958 முதல் கட்டாயம்; 1990 முதல் அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்பதையும் கட்டுரையிலேயே எழுத வேண்டும். எனவே சேகரிப்பு எண், நாள், இடம், உயரம், தாங்கிய மரம் எல்லாம் மாதிரித் தாளின் சீட்டிலும் கட்டுரையிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். அதே சேகரிப்பின் இரட்டைத் தாள்களை வேறு இரண்டு மூன்று ஹெர்பேரியங்களுக்கு அனுப்பும்போது, செதில் உறையையும் ஸ்போர்த் தூளையும் பங்கு பிரித்து ஒவ்வொன்றோடும் வையுங்கள்.